தொப்பி வைத்த பத்து விரல்

கையை வெளியே எடுக்காதே பரிமளம். சால்வைக்குள்ளேயே இருக்கட்டும். எடுத்தால் காற்று படும், காற்று பட்டால் காயும், காய்ந்தால் மெஷின் படிக்காது, மெஷின் படிக்காவிட்டால் இன்றைக்குக் கல்யாணம் இல்லை, இன்றைக்கு இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த கல்யாண நோட்டீஸ் செத்துப்போகும். நாற்பத்தாறு வயதில் இரண்டாம் தடவையாகக் கல்யாணப் பெண்ணாகி ரிஜிஸ்தர் ஆபீஸ் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பெஞ்சா இது, ஐஸ் கட்டிக்குக் கால் முளைத்து நிற்கிறது. வேறொருத்தியாக இருந்தால் புடவை மடிப்பு கலைந்ததா, பூ வாடியதா, மாப்பிள்ளை நம்மைப் பார்க்கிறாரா என்று கவலைப்படுவாள். என் கவலையெல்லாம் பத்து விரலின் நுனியில் இருக்கிறது. இடது பக்கம் என் மகள் சுகன்யா. வலது பக்கம் மாப்பிள்ளை, கேரட் லாரி டிரைவர் சவரிமுத்து, குரங்குக் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். நடுவில் நான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே பெஞ்சில் உட்காருவாய் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன், சிரித்து உதடு வெடித்து ரத்தம் வந்திருக்கும். இப்போதும் சிரிப்பு வருகிறது. பயமும் வருகிறது. 

கவுண்டருக்கு அந்தப் பக்கம் கிளார்க்கம்மா. அவர் முன்னால் மேஜைமேல் ஆதார் ரேகை பார்க்கிற அந்த மெஷின். சோப்பு டப்பா அளவுதான், கறுப்பு, மேலே ஒரு சின்னக் கண்ணாடி, உள்ளே சிவப்பு வெளிச்சம். இந்த டப்பாவுக்கா நான் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், பூசாரி இவன்தான். செப்டம்பரில் நோட்டீஸ் கொடுக்க வந்தபோதே இவன் என்னை மதிக்கவில்லை. டிரைவர் விரலை வைத்தார், உடனே பச்சை. நான் வைத்தேன், சிவப்பு. கட்டை விரல், சிவப்பு. ஆள்காட்டி, சிவப்பு. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன், அழுத்தி வைத்தேன். ஒன்பதாவது தடவை போனால் போகட்டும் என்று பச்சை காட்டினான். கிளார்க்கம்மா என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன வேலைம்மா செய்யிறீங்க?" "கேரட் கழுவுறதுங்க." அவர் தலையை ஆட்டினார். மலையில் விடியற்காலைத் தண்ணீரில் பதினோரு வருஷமாகக் கேரட்டைச் சேறு போகக் கழுவினால் கேரட்டின் தோல் மட்டுமா போகும். பெரிய கொட்டகைகளில் உருளை மெஷின் வந்துவிட்டது, எங்கள் கொட்டகையிலும் வந்தது, ஆனால் மெஷின் கழுவியதை மறுபடி ஒரு தொட்டியில் அலசி எடுப்பது நாங்கள்தான். ஒருதடவை கோயில் திருவிழாவில் கைரேகை பார்க்கிறவர் என் கையைப் பிடித்து அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "தாயீ, கொஞ்சம் முகத்தைக் காட்டு, முகத்தைப் பாத்தே சொல்லிடுறேன்" என்றார். படித்த மனுஷரே கைவிட்ட கை. கிளார்க்கம்மா அன்றைக்குச் சொன்னார்: "இப்பவே இப்பிடி. டிசம்பர் குளுருல வந்தீங்கன்னா தோலு வறண்டு சுத்தமா ரேகை வராது. இப்போருந்தே கையப் பாத்துக்குங்க. எண்ணெய் போடுங்க. இன்னொண்ணு, கல்யாணம் கல்யாணம்னு மருதாணிய மட்டும் அப்பிக்கிட்டு வந்துடாதீங்க. எத்தனை பொண்ணுங்க அப்பிடி வந்து நின்னு அழுதுருக்குதுங்க தெரியுமா?" நான் சிரித்தேன். இந்த வயதில் எனக்கு யார் மருதாணி வைக்கப் போகிறார்கள் என்றேன். வாய் இருக்கிறதே வாய்.

முதல் ஜோடி உள்ளே போகிறது. சின்னப் பெண், சின்னப் பையன். அவர்கள் கையைப் பார், வெண்ணெய் மாதிரி. வெறுமனே காற்றில் காட்டினாலே மெஷின் படித்துவிடும். போகட்டும், நன்றாக இருக்கட்டும். நான் கொஞ்சமாவா பாடுபட்டேன். டிசம்பர் பிறந்ததும் கை சொன்னபடி வறண்டது, விரல் மூட்டில் எல்லாம் கோடு விட்டது, கோட்டுக்குள் சேறு போய்க் கறுத்தது. நான் என்ன செய்தேன், அழுக்குதானே என்று தண்ணீரை ஆவி பறக்கக் கொதிக்கவைத்து, கையைத் தோய்த்து, துணிசோப்பைப் போட்டு, பீர்க்கங்கூட்டால் பரபரவென்று தேய்த்தேன். சுகமோ சுகம். குளிருக்கு அந்தச் சூடு எலும்பு வரை போகும். கை வெள்ளைவெளேர் என்று ஆகும், பத்து நிமிஷம். அப்புறம் இழுக்கும், தோல் ஒரு சைஸ் சின்னதாகத் தைத்துக் கொடுத்த மாதிரி இழுக்கும், மறுநாள் இன்னும் ஆழமாக வெடிக்கும். அதற்கு மருந்தாக அடுப்புமேல் கையை விரித்துக்கொண்டு உட்காருவேன். ஒரு வாரம் இந்தக் கூத்து. ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க கையை வச்சிருக்கீங்களா, வத்தல் போடுறீங்களா?" என்றது. கொதிக்கிற தண்ணி ஆகாதாம், தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அதுதான் பிடுங்குகிறதாம். வெதுவெதுப்பு போதும், குளியலும் அஞ்சு நிமிஷம் போதும். துண்டால் தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும். ஒத்தி எடுத்த ஈரம் காய்வதற்குள்ளேயே வேஸ்லினோ எண்ணெயோ தடவிவிடணும், காய்ந்த பிறகு தடவினால் பாதிப் பலன்தானாம், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிறதாம் எண்ணெய். அடுப்புப் பக்கம் போகவே கூடாது. தாகம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. தொட்டியில் கை வைக்கும்போது உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை. ராத்திரி தடவிவிட்டுக் கையில் காலுறையை மாட்டிக்கொண்டு தூங்கணும். கையில் காலுறை! கொட்டகையில் கூட வேலை செய்கிற ரெஜினாவிடம் சொன்னேன், "அக்கா, காலுக்கு என்னத்த மாட்டுவ, கையுறையா?" என்று அவள் சிரித்த சிரிப்பில் கேரட் மூட்டை சரிந்தது. சிரித்தாலும் அவள்தான் பையனுடைய பள்ளிக்கூடக் காலுறை இரண்டு ஜோடி கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் இன்றைக்கு எனக்குச் சாட்சி. சாட்சி மூன்று பேரும் எதிர்க்கடையில் டீ குடிக்கிறார்கள். எனக்கும் ஒரு டீ இருந்தால் டம்ளரைப் பிடித்துக் கையைச் சூடாக்கலாம், இல்லை, சூடு கூடாது, இல்லை, டம்ளர் சூடு பரவாயில்லையோ.

தேங்காய் எண்ணெய் மலையில் டிசம்பரில் எண்ணெயே கிடையாது, வெள்ளைக் கல். குப்பியைக் கவிழ்த்தால் அப்படியே நிற்கும். வெயிலில் வைக்கலாம் என்றால் வெயிலை எங்கே போய்க் கூப்பிடுவது. அதனால் சின்னக் குப்பியை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு திரிந்தேன். உடம்புச் சூட்டில் அது உருகிக்கொண்டே இருந்தது, மணிக்கொரு தடவை எடுப்பேன், தடவுவேன், சொருகுவேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒருநாள் டிரைவர், மூட்டை ஏற்றி முடித்து லாரிக் கதவைத் திறந்தவர், திறந்தபடியே நின்று, "ஏனுங்க, அத்தனை சிரமம் எதுக்குங்க" என்று மேட்டுப்பாளையத்திலிருந்து வாங்கி வந்த வேஸ்லின் டப்பாவைக் கொடுத்தார். பெரிய டப்பா. இரண்டு மாட்டுக்குத் தடவலாம். இந்த மனுஷன் இன்றுவரை எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்தது இல்லை, எனக்குக் குறையும் இல்லை. பெண்டாட்டி செத்துப் பன்னிரண்டு வருஷம், என் புருஷன் செத்து ஒன்பது வருஷம், இரண்டு பேரும் இரண்டு வருஷமாகத் தினம் பார்க்கிறோம், அவர் என்னை "நீங்க" என்பார், நான் அவரை "டிரைவரே" என்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டதும் அப்படித்தான்: "உங்களுக்கு ஆட்சேபணை இல்லீன்னா, நாம ஒரே வூட்ல இருந்து டீ குடிக்கலாமுங்க." நான் நாலு நாள் யோசித்து ஆகட்டும் என்றேன். நாலு நாளும் யோசிக்கவேயில்லை என்பது எனக்குத்தான் தெரியும், உடனே சொன்னால் மதிப்பு இருக்காது என்று இருந்தேன். அந்த நாலு நாளும் தொட்டித் தண்ணீர் சுட்ட மாதிரி இருந்தது. சந்தோஷத்துக்குக் குளிர் தெரியாது போல. தெரிந்தது உதட்டுக்குத்தான், சிரிக்கிற இடமெல்லாம் வெடிப்பு. மலையில் சந்தோஷமாக இருக்க நினைக்கிறவள் முதலில் உதட்டில் நெய் தடவிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பக்கம் திரும்பினால் சுகன்யா. ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் சூப்பர்வைசர், இருபத்துமூன்று வயது, மூக்கு மட்டும் அவள் அப்பாவுடையது, கோபம் என்னுடையது. ஆவணியில் போனில் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவள் சத்தம் கேட்கவில்லை. அப்புறம் "அப்பா போட்டோவ என்ன பண்ணுவ?" என்று ஒரே ஒரு கேள்வி. "இருக்கிற எடத்துலயே இருக்கும்" என்றேன். வைத்துவிட்டாள். வைத்தவள் வைத்தவள்தான், நாலு மாதம். ஊரார் பேசினார்கள், கொட்டகையில் இரண்டு பேர் பேசினார்கள், அது என் காதில் நின்றதே இல்லை. இவள் பேசாததுதான் நின்றது. நோட்டீசை ஆபீஸ் பலகையில் ஒட்டி முப்பது நாள் முடிந்ததும் அக்டோபர் கடைசியிலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம். நான்தான் டிரைவரிடம், சுகன்யா வராமல் முடியாது என்றேன். "வரட்டுமுங்க, அவுங்கம்மா கல்யாணத்துக்கு அவுங்க இல்லாம எப்பிடி" என்றார், அவ்வளவுதான், ஏன் எதற்கு ஒன்றும் இல்லை. நவம்பர் போயிற்று. டிசம்பரும் முடியப்போகிறது. நோட்டீசுக்கு ஆயுசு மூன்று மாதம்தான், அதற்குள் முடிக்காவிட்டால் முதலிலிருந்து எழுதணும், மறுபடி ஒட்டணும், மறுபடி ஊர் படிக்கணும். அந்த ஆயுசு இன்றைக்குச் சாயங்காலத்தோடு முடிகிறது. இன்னொரு தடவை எழுதலாமே, என்ன குறைந்துவிடும் என்று யாராவது கேட்கலாம். இவள் இன்னொரு தடவை வருவாளா? அதுதான். நேற்று மத்தியானம் பஸ் இறங்கி வந்தாளே, அந்த வரவுக்கு அவள் என்னென்னவெல்லாம் உள்ளே சண்டை போட்டாளோ, அதை இன்னொரு தடவை போடச் சொல்ல எனக்கு வாய் வராது.

வந்தாள். பையை வைத்தாள். முகம் கழுவினாள். அப்பா போட்டோவைப் பார்த்தாள், அது இருந்த இடத்தில் இருந்தது. நான் காபி கொடுத்தேன், குடித்தாள். நாலு மணி, நாலரை, அஞ்சு. அப்புறம் பையிலிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்தாள். உள்ளே ஈரத்துணி, துணிக்குள்ளே பச்சைப்பசேல் என்று மருதாணி இலை. மலைக் குளிரில் மருதாணி ஏது, திருப்பூரில் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு உருவிக்கொண்டு வந்திருக்கிறாள். வாடாமல் இருக்க வழியில் இரண்டு தடவை துணியை நனைத்தாளாம், பிறகு சொன்னாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மியில் கொட்டைப்பாக்கு வைத்து, டீ டிக்காஷன் விட்டு அரைத்தாள். சொல்லிவிடு பரிமளம், மெஷின் படிக்காது என்று சொல்லிவிடு, உள்ளங்கையில் மட்டும் ஒரு பொட்டு வை என்று சொல்லிவிடு. அவள் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், "கையக் குடு" என்றாள். நாலு மாதத்தில் என்னிடம் சொன்ன முதல் முழு வார்த்தை. கொடுத்தேன். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். "என்னம்மா கை இவ்ளோ மெத்துன்னு ஆயிருச்சு?" என்றாள். அவள் பிறந்ததிலிருந்து என் கையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னது இல்லை. வேஸ்லின் என்றேன். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை, ஆனால் புரிந்துகொண்டாள், புரிந்துகொண்டு கையை விடவில்லை. கட்டை விரலில் ஆரம்பித்தாள். ஒரு உருண்டை எடுத்து நுனியில் வைத்துச் சுற்றிலும் அமுக்கித் தொப்பி. ஆள்காட்டிக்குத் தொப்பி. ஒவ்வொரு விரலையும் தன் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனி வெளியே தெரிய. எனக்கு ஒவ்வொரு விரலும் மூடும்போது, இதோ இது போச்சு, இதுவும் போச்சு, இன்னும் ஆறு இருக்கிறது, இன்னும் நாலு, இப்போதாவது சொல், என்று உள்ளே கூப்பாடு. கை மட்டும் அவள் மடியில் அசையாமல் கிடந்தது. மூன்று வாரம் தவமிருந்து சம்பாதித்த பத்து விரலையும் அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே போட்டு உடைத்தேன், அதுவும் சந்தோஷமாக.

எடுத்துக் கழுவினபோது பார்க்க வேண்டுமே. வெடிப்பில் எல்லாம் ஏறி, கறுப்பும் சிவப்புமாக, விரல் நுனி பத்தும் எரிகிற மாதிரி. "நல்லா செவந்துருச்சு" என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை, மருதாணி சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் அதிகம் என்று ஊரே சொல்லும், அவளுக்கும் தெரியும், சொல்லவில்லை, சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். போதும். ஆனால் தோல் பழையபடி முறுக்கிக்கொண்டது. காலையில் எழுந்து வெதுவெதுப்பில் கழுவி, ஒத்தி எடுத்து, ஈரத்தோடு வேஸ்லின் பூசி, காலுறை மாட்டி, கழற்றி, மறுபடி பூசி, எல்லாம் செய்தேன். கறுப்பு போகுமா. ஆபீஸ் வாசலில் டிரைவர் என் விரலைப் பார்த்தார். செப்டம்பரில் கிளார்க்கம்மா சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார், ஒரு எழுத்து விடாமல் கேட்டார். பார்த்தார், அப்புறம் சுகன்யாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஐயோ, கேட்டுவிடுவாரோ என்று எனக்கு உயிர் போயிற்று. "நல்லா செவந்திருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் இந்தக் குல்லாயை மடிக்க ஆரம்பித்தார். இந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளாமல் வேறு யாரைக் கட்டிக்கொள்வது. மெஷினே, நீ என்ன சொன்னாலும் சரி, நான் கட்டிக்கொண்டாகிவிட்டது. இல்லை இல்லை, கோபித்துக்கொள்ளாதே சாமி, பச்சை காட்டு, ஒரே ஒரு விரல், ஒன்றே ஒன்று.

"சவரிமுத்து, பரிமளம். வாங்க." எழுந்தேன். முட்டி குளிரில் பிடித்துக்கொண்டது, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கை நீண்டது, நான் எதையும் பிடிக்காமல் எழுந்தேன், எதைப் பிடித்தால் எது கோபிக்கும் என்று. சாட்சிகளும் வாயைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். டிரைவர் விரலை வைத்தார். பச்சை. பார்த்தாயா, அவருடையது மட்டும் என்ன ரோஜாப்பூவா, ஸ்டியரிங் பிடித்துக் காய்ச்ச கை. "நீங்க வாங்கம்மா." சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்தேன். கிளார்க்கம்மாவின் பார்வை விரலில் விழுந்தது, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வைத்தேன். சிவப்பு. ஆள்காட்டி, சிவப்பு. சுகன்யா எட்டிப் பார்க்கிறாள். நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். இந்தக் கை முடிந்தது, அந்தக் கை. கண்ணாடி ஜில்லென்று இருக்கிறது. கிளார்க்கம்மா ஈரத்துணி கொடுத்தார், துடைத்தேன், சிவப்பு. ரெஜினா "மாதாவே" என்கிறாள். இரண்டாம் சுற்று, சிவப்பு, சிவப்பு, சிவப்பு, எனக்குக் காது அடைக்கிறது. "ஏம்மா," கிளார்க்கம்மா நாற்காலியில் சாய்ந்தார், "அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னேனே, மருதாணி மட்டும் வைக்காதீங்கன்னு. சொன்னேனா இல்லியா?"

சொன்னீர்கள். தலையை ஆட்டினேன். சுகன்யாதான் பேசினாள், குரல் ஒரு மாதிரி இறங்கிப்போய். "உனக்குத் தெரியுமாம்மா?" "தெரியும்." "அப்புறம் எதுக்கு நேத்து கையக் குடுத்த? ஒரு வார்த்தை சொல்லிருந்தா வச்சிருப்பேனா?" இத்தனை பேர் முன்னால், கவுண்டருக்கு முன்னால், எப்படிச் சொல்வது, வேறெப்படிச் சொல்வது. "நாலு மாசங் கழிச்சு என் கையப் புடிச்ச. எடுக்க மனசு வரல சுகா." அவள் முகம் இருந்த இடத்திலேயே உடைந்தது. சின்னப்பிள்ளையில் ஊசி போட்டால் சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் வாய் மட்டும் திறந்திருக்குமே, அப்படி. பிறகு என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், ரெஜினா எங்களுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். டிரைவர் குல்லாயை மடிப்பதை நிறுத்திவிட்டார். "மேடம்," என்றார், "இதுக்கு வேற வழியே இல்லீங்களா?"

கிளார்க்கம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். "கண்ணைப் பாக்குற மெஷின் ஒண்ணு உள்ள இருக்கு. வயசானவங்களுக்குன்னு குடுத்தது. எடுத்துப் பாப்போம்." உள்ளே போனார், பீரோ திறக்கிற சத்தம், ஒயரைச் சுற்றியபடி வந்தார், ஒரு பைனாகுலர் மாதிரி ஏதோ. எனக்கு முன்னால் பிடித்தார். "நேரா பாருங்கம்மா. கண்ணை நல்லா தொறங்க." திறந்தேன். வெள்ளமாக ஓடுகிறது, எதைத் திறப்பது. "தண்ணி நிக்குதும்மா, படிக்காது. தொடச்சிட்டு வாங்க." துடைத்தேன். மறுபடி வந்தது. "கண்ணு காயணும்மா." காயணுமாம்! மூன்று வாரமாகக் காயாதே காயாதே என்று உடம்பைக் கெஞ்சிக்கொண்டு இருந்தவளை இப்போது காயச் சொல்கிறார்கள். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது, சிரித்தால் இன்னும் தண்ணீர், உதடும் வெடித்தது, சுள்ளென்று. சுகன்யா துப்பட்டாவால் என் கண்ணைத் துடைத்தாள், தேய்க்கவில்லை, ஒத்தி ஒத்தி எடுத்தாள். துடைத்துவிட்டுக் கையை எடுக்கிறாள், அவள் முகம் தெரிகிறது, மூக்கு சிவந்து, நேற்று வரை எனக்கு இல்லாமல் இருந்த முகம், பார்த்ததும் மறுபடி நிரம்புகிறது. துடைக்கிறாள், பார்க்கிறேன், நிரம்புகிறது. வரிசையில் பின்னால் நிற்கிற யாரோ செருமினார்கள். கிளார்க்கம்மா மெஷினைப் பிடித்த கை வலிக்கிறது என்று மாற்றிக்கொண்டார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, சுகன்யா என் தாடையைப் பிடித்தாள். அவள் சின்ன வயதில் நான் தலைவாரும்போது பிடிப்பேனே, அந்தப் பிடி.

"என்னப் பாத்துப் பாத்துதாம்மா அழற," என்றாள். "என்னப் பாத்தது போதும். நான் எங்கயும் போக மாட்டேன். அங்க பாரு."

முகத்தை அவளே மெஷின் பக்கம் திருப்பிவிட்டாள். பார்த்தேன். கிளார்க்கம்மா, "பதிஞ்சிருச்சு" என்றார்.